கரும்புகைக்கு ஒரு வக்காலத்து

பழைய லாரியில் குறைந்த செலவில் கூடுதல் இழுவை எடுப்பது எப்படி என்று ஒருவர் எழுதிய கட்டுரை லாரிக்காரர்கள் மத்தியில் கைமாறிக் கைமாறிச் சுற்றுகிறது. நாமக்கல், சங்ககிரி பக்கத்துப் பட்டறைகளுக்கு அதை எடுத்துக்கொண்டு வந்து, "இதுல போட்டிருக்கற மாதிரியே பண்ணிக் குடுங்கண்ணே" என்று ஓனர்கள் கேட்கிறார்கள். எழுதியவர் பெயரை இங்கே இழுக்க எனக்கு விருப்பமில்லை. அவர் எழுதியதை மட்டும் இழுக்கிறேன்.

அவர் சொல்வதன் சாரம் இது. கம்பெனிக்காரன் டீசல் பம்ப்பைக் கஞ்சத்தனமாக செட் பண்ணி சீல் வைத்திருக்கிறான். சீலை உடைத்து டீசலைக் கூட்டு. கவர்னரை இறுக்கி சுற்றைக் கூட்டு. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டால் எஞ்சின் தாராளமாக மூச்சு வாங்கும். கையில் இன்னும் கொஞ்சம் காசு இருந்தால் சென்னை புதுப்பேட்டையில் ஒரு பழைய டர்போ வாங்கி மாட்டு. நாலு டயர் விலைக்குள் 130 குதிரைத்திறன் 180 ஆகிவிடும். கரும்புகை வந்தால் பயப்படாதே, அது எஞ்சினுக்குத் தெம்பு வந்ததன் அடையாளம்.

கடைசி யோசனையைத்தான் முதலில் எடுக்க வேண்டும், மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. கரும்புகை என்பது முழுதாக எரியாத டீசல். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் கொடுத்து டேங்கில் ஊற்றியதை, வேலை வாங்காமலே சைலன்சர் வழியாக வெளியே விடுகிறோம் என்பதற்கு அத்தாட்சி. காற்று போகாத அடுப்பில் விறகைத் திணித்தால் சமையல் சீக்கிரம் ஆகாது, வீடு முழுக்கப் புகைதான் மண்டும் என்பது எந்த வீட்டிலும் தெரிந்த விஷயம். எஞ்சினைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவருக்கு அது தெரியவில்லை.

அவரே உதாரணம் காட்டும் வண்டி டாடா 1613. அதிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெயரில் இருக்கும் 16 மொத்த எடையை டன்னில் சொல்கிறது, 13 என்பது 130 குதிரைத்திறன். உள்ளே இருப்பது 697 எஞ்சின். 1954-ல் டாடாவின் டெல்கோவும் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியில் வந்த வம்சம். நம் பக்கம் பெரியவர்கள் இன்றைக்கும் டாடா லாரியை 'பென்ஸ் வண்டி' என்று சொல்வது அதனால்தான். ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர், 128 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், மொத்தம் 5,675 சிசி. டர்போ இல்லாத பழைய ரகம் 2,800 சுற்றில் 130 எச்.பி. கொடுக்கும்.

நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 2,800 சுற்றில் நிமிடத்துக்கு 1,400 முறை. அப்படியானால் 7,945 லிட்டர். வால்வும் பைப்பும் தடுப்பது போக, டர்போ இல்லாத எஞ்சினுக்கு அதில் 85 சதவீதம் கிடைத்தால் நல்ல காலம். நம் ஊர் வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று 1.15 கிலோ எடை என்று வைத்தால், நிமிடத்துக்கு ஏழே முக்கால் கிலோ காற்று உள்ளே போகிறது. ஒரு கிலோ டீசல் எரிய ஏட்டுக் கணக்குப்படி பதினாலரைக் கிலோ காற்று போதும். ஆனால் 2,800 சுற்றில் டீசல் தெளித்து, கலந்து, எரிந்து முடிய மூன்று மில்லி விநாடிதான் அவகாசம். அந்த அவசரத்தில் ஒவ்வொரு துளிக்கும் காற்று கிடைக்காது. அதனால்தான் புகையில்லாமல் ஓட கிலோவுக்கு 20 கிலோ காற்று வேண்டும் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஏழே முக்கால் கிலோ காற்றுக்கு 390 கிராம் டீசல். மணிக்கு 23 கிலோ, லிட்டரில் சொன்னால் 28. இந்த ரக எஞ்சின் ஒரு எச்.பி.யை ஒரு மணி நேரம் கொடுக்க 170 கிராம் டீசலாவது குடிக்கும். வகுத்துப் பாருங்கள், 135 எச்.பி.யை ஒட்டி வரும்.

கம்பெனி கொடுத்தது 130. மறைத்து வைத்ததாக நம் கட்டுரையாளர் துப்பறிந்து கண்டுபிடித்த புதையல் மிஞ்சிப்போனால் ஐந்து எச்.பி.

டீசலை இன்னும் பத்துப் பன்னிரண்டு சதவீதம் ஏற்றினால், அதில் பாதியாவது இழுவையாக மாறும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஏழெட்டு எச்.பி. வரும். மீதிப் பாதி புகையாகவும் சூடாகவும் போகும். மணிக்கு மூன்று லிட்டர் கூடுதல் செலவு. அதற்கு மேல் ஏற்றினால் புகைதான் கூடும், எச்.பி. நகராது. டெஸ்ட் பெஞ்ச்சில் பம்ப்பின் எலிமென்ட் எவ்வளவு சி.சி. தள்ளுகிறது என்று அளந்து பார்த்த எந்த பம்ப் மெக்கானிக்கும் இதைச் சொல்வார். கட்டுரை முழுக்கத் தேடினேன். ஒரே ஒரு பெஞ்ச் ரீடிங்கூட இல்லை. "வண்டி பறக்கிறது" என்ற சாட்சியம் மட்டும் இருக்கிறது. பம்ப் ஏற்றிய வண்டியில் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் ஒரு துள்ளல் தெரியும், உண்மைதான். காலி வண்டியில், பட்டறை வாசலில். லோடு ஏற்றி, ஏற்றத்தில், பத்து நிமிடம் தொடர்ந்து இழுக்கும்போது இருப்பதுதான் எச்.பி.

சரி, அவருக்கு இன்னும் இரண்டு சேர்த்துக் கொடுத்து, பத்து எச்.பி. கூடியதாகவே வைத்துக்கொள்வோம். அதனால் ஓனருக்கு என்ன லாபம்? 16 டன் வண்டி நூற்றுக்கு ஆறு என்ற ஏற்றத்தில் ஏறுகிறது. ஏற்றத்தின் இழுப்பும் டயரின் உருள் தடையும் சேர்ந்து சுமார் 11,000 நியூட்டன் எதிர்ப்பு. கியர்பாக்ஸிலும் பின் ஆக்ஸில் ஹவுசிங்கிலும் வீணாவது போக, 130 எச்.பி.யில் வண்டி மணிக்கு 26, 27 கிலோமீட்டரில் ஏறும். 140 எச்.பி.யில் 28, 29. எட்டுக் கிலோமீட்டர் ஏற்றம் என்றால் மிச்சமாவது ஒன்றேகால் நிமிடம். இந்த ஒன்றேகால் நிமிடத்துக்காகப் பிஸ்டனைப் பணயம் வைக்கச் சொல்கிறார். பணயம் வைப்பது அவர் பிஸ்டன் இல்லை என்பதால் கை நடுங்கவில்லை.

பிஸ்டனை ஏன் சொல்கிறேன் என்றால், டீசல் எஞ்சினில் எரிபொருள் கூடக் கூட எக்ஸாஸ்ட் சூடும் கூடும். சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பிஸ்டன் செய்யும் கலவை அதற்கும் முன்னாலேயே இளக ஆரம்பிக்கும். சமவெளியில் ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு ஓட்டும்போது தப்பிக்கும். தொப்பூரிலோ திம்பத்திலோ மே மாத மத்தியானத்தில் லோடோடு மூன்றாவது கியரில் முழு ஆக்சிலரேட்டரில் ஏறும்போது தப்பிக்காது. ரிங் ஒட்டும், லைனர் கீறும், ஹெட் கேஸ்கெட் ஊதும். அன்றைக்கு வண்டியைக் கட்டி இழுக்கும் செலவு அவர் போட்ட 'நாலு டயர்' பட்ஜெட்டில் எந்த வரியில் வருகிறது?

இந்த யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. அமெரிக்காவில் பழைய டாட்ஜ் ராம் பிக்கப் வைத்திருப்பவர்கள் அதன் 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினின் பம்ப்பைத் திறந்து ஒரு சின்னத் தகட்டை நகர்த்தியே ஏகப்பட்ட எச்.பி. எடுக்கிறார்கள். அது பொய்யில்லை. 1989-ல் அந்த எஞ்சின் பிக்கப்பில் வந்தபோது 160 எச்.பி.தான். அதே குடும்பத்து எஞ்சின் படகுகளில் 300 எச்.பி.க்கு மேல் கொடுத்தது. பிறப்பிலேயே டர்போவோடு வந்தது, டர்போவுக்காகச் செய்த பிஸ்டன், பிக்கப்பின் கியர்பாக்ஸ் தாங்க வேண்டுமே என்று வேண்டுமென்றே அடக்கி வைத்த செட்டிங். அங்கே டீசலைக் கூட்டினால் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி இன்னும் காற்றைத் தள்ளும். 697-ல் டீசலைக் கூட்டினால் காற்றைத் தள்ள யார் இருக்கிறார்கள்? மூன்று டன் பிக்கப் ஒரு நேர் ரோட்டில் சில விநாடி சீறுவதும், 16 டன் லாரி அரை மணி நேரம் மலை ஏறுவதும் அவருக்கு ஒன்றாகத் தெரிகிறது. அங்கே சீறுகிறவர்கூட எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்ட டாஷ்போர்டில் ஒரு மீட்டர் வைத்துக்கொள்கிறார். நம்மவர் அதையும் செலவு என்று விட்டுவிட்டார்.

நம்மிடமும் டாடா கம்மின்ஸ் எஞ்சின் போட்ட லாரிகள் இருக்கின்றன. அவற்றின் கதை வேறு, செட்டிங் வேறு. எல்லாவற்றையும் ஒரே ஸ்பேனரால் திருகலாம் என்று எழுதியதுதான் அபத்தம்.

"அப்படியானால் டர்போ மாட்டுகிறேன், காற்றுப் பிரச்சினை தீர்ந்தது" என்பது அவருடைய அடுத்த அடி. தியரி சரி. காற்று கூடினால்தான் எச்.பி. கூடும். ஆனால் கம்பெனி டர்போ மாடல் கொண்டுவந்தபோது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒரு நத்தையைத் தொங்கவிட்டு அனுப்பவில்லை. பிஸ்டன் மாறுகிறது, முதல் ரிங் உட்காரும் பள்ளத்தில் இரும்பு வளையம் பதிக்கிறார்கள், பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சிக் குளிர வைக்கும் ஏற்பாடு வருகிறது, ஆயில் கூலர், கேஸ்கெட், வால்வு, ரேடியேட்டர், பம்ப் எல்லாம் அதற்கேற்றபடி. புதுப்பேட்டையில் டர்போ கிடைக்கும். இவையெல்லாம் சேர்ந்து ஒரு சாக்கில் கிடைக்காது. அந்த டர்போவின் தண்டு எவ்வளவு ஆடுகிறது, எந்த எஞ்சினுக்காகச் செய்தது என்பதை வாங்குகிறவர் எப்படிப் பார்ப்பார் என்பதற்கும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. ஆயில் லைன் எங்கிருந்து எடுப்பது? அதற்கும் இல்லை. டர்போவின் புஷ் ஆயில் குறைந்தால் நிமிடங்களில் கதை முடியும். சீல் போனால் எஞ்சின் தன் ஆயிலையே குடித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும். மாட்டித்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள் நல்ல நிலையில் உள்ள முழு டர்போ எஞ்சினையே தேட வேண்டும், ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அது பட்ஜெட் வேலை இல்லை என்பதை நேர்மையாகச் சொல்லியிருக்கலாம்.

ஏர் ஃபில்டரைக் கழற்றுவது பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கல் குவாரிக்கும் மணலுக்கும் ஓடும் வண்டியில் அதைக் கழற்றச் சொல்பவருக்கு லைனர் விற்கும் கடையில் கமிஷன் இருக்கிறதோ என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. கவர்னர் விஷயமும் அப்படித்தான். 2,800-ஐ 3,200 ஆக்கினால் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்க வேண்டிய நிலைம விசை 30 சதவீதம் ஏறும், அது சுற்றின் வர்க்கத்தில் கூடுவது. அந்தச் சுற்றில் காற்று உள்ளே போவதற்கான நேரமும் குறைவதால் இழுவை இறங்கும். ராடு போல்ட் மட்டும் கூடுதலாக உழைக்கும்.

சட்டம் என்று ஒன்று இருப்பதையும் அவர் மறந்துவிட்டார். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தம் அதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பி.எஸ்.4-க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகை அளவு ஹார்ட்ரிட்ஜ் கணக்கில் 65-ஐத் தாண்டக் கூடாது. அவர் சொன்னபடி பம்ப் ஏற்றிய வண்டி எஃப்.சி.க்குப் போகும் முன்னால் மறுபடி பம்ப்பை இறக்க வேண்டும். வருஷா வருஷம் ஏற்றி இறக்குவதற்கும் சேர்த்துத்தான் பட்ஜெட்டா?

ஒரு விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஒற்றை லாரி வைத்து ஓட்டும் ஓனரால் இன்றைக்குப் புது பி.எஸ்.6 வண்டி எடுத்துத் தவணை கட்ட முடியாது. இருக்கிற வண்டியில்தான் பிழைக்க வேண்டும். அதனால்தான் அவர் எழுதியது கோபமூட்டுகிறது. காசு இல்லாதவனிடம் போய், இருக்கும் எஞ்சினையும் எரித்துக்கொள்ளச் சொல்கிறார்.

அந்த ஓனரின் உண்மையான கேள்வி, "முன்னே இழுத்த மாதிரி இப்போ இழுக்கலையே" என்பதுதான். 130 எச்.பி. போதவில்லை என்று வருகிறவர்கள் குறைவு. 130-ல் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரியாமல் வருகிறவர்களே அதிகம். கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை. பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய எஞ்சினில் 20, 30 எச்.பி. எங்கேயோ ஒழுகிப் போயிருக்கும். அதைத் தேடி எடுப்பதுதான் மலிவான வேலை.

எங்கே தேடுவது? முதலில் எஞ்சினையே ஆஃப் பண்ணிவிட்டு, கிளீனரை ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லிவிட்டு, பம்ப் லிவர் கடைசி வரை போய் ஸ்டாப்பரைத் தொடுகிறதா என்று பாருங்கள். லிங்க் ராடு புஷ் தேய்ந்து, பெடல் தரையைத் தொட்டாலும் லிவர் முக்கால் தூரம்தான் நகரும் வண்டிகள் உண்டு. காசே ஆகாத ரிப்பேர். அடுத்து எக்ஸாஸ்ட் பிரேக்கின் பட்டாம்பூச்சி வால்வு. கரி பிடித்துப் பாதி மூடிய நிலையில் நின்றுவிட்டால் எஞ்சின் தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொண்டு ஓடும். ஏர் ஃபில்டர் அடைப்பு, ஃபில்டரிலிருந்து வரும் ஹோஸ் உள்பக்கம் சப்பிப்போவது, சைலன்சர் உள்ளே தகடு சரிந்து அடைப்பது. டீசல் பக்கம் ஃபில்டர், ஃபீட் பம்ப் வால்வு, பம்ப்பின் ஓவர்ஃப்ளோ வால்வு. ஓவர்ஃப்ளோ வால்வின் ஸ்பிரிங் தளர்ந்தால் பம்ப்புக்குள் அழுத்தம் இல்லாமல் டீசல் ரிட்டர்னிலேயே ஓடிவிடும். எலிமென்ட் பாவம், பாதி வயிற்றோடு வேலை செய்யும். அந்தச் சின்ன வால்வுக்காகப் பம்ப்பையே இறக்கி ஏற்றிய பட்டறைகள் உண்டு.

பிறகு டேப்பெட். பிறகு நாசில். நல்ல நிலையில் 200 பார் அளவில் திறந்து பனிபோல் தெளிக்க வேண்டியது, ஸ்பிரிங் சோர்ந்து அதற்கு முன்னமே திறந்து சொட்டுச் சொட்டாக விடும். அந்தச் சொட்டு எரியாமல் கருப்பாகப் போகும். அதாவது, நம் கட்டுரையாளர் தெம்பு என்று கொண்டாடும் புகையை, கெட்டுப்போன நாசில் செலவே இல்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆறு நாசிலையும் பெஞ்ச்சில் போட்டு, பம்ப்பை ஆறு எலிமென்ட்டும் சமமாகத் தள்ளும்படி கேலிபரேட் செய்து, டைமிங்கைக் கம்பெனி குறித்த இடத்தில் வைத்தால் வரும் மாற்றத்தை டிரைவர் முதல் ஏற்றத்திலேயே சொல்லிவிடுவார். புகையும் குறைந்திருக்கும்.

வண்டிக்கு அடியிலும் குனிந்து பார்க்க வேண்டும். பிரேக் பிடித்தபடி ஓடும் ஒரு வீல் எத்தனை எச்.பி.யைத் தின்னும் என்று யாரும் நினைப்பதில்லை. இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி ஒவ்வொரு டிரம் பக்கத்திலும் கையைக் காட்டுங்கள், தொட வேண்டாம், சூடே சொல்லிவிடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் இழுவை இல்லை என்றால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். ஆறு சிலிண்டரில் ஒன்றிரண்டு கீழே கிடந்தால், ப்ரீதரில் குபுகுபுவென்று புகை வந்தால், எஞ்சின் வேலைதான். அதைத் தள்ளிப்போட்டுவிட்டு பம்ப்பை ஏற்றுவது, தேய்ந்த லைனரில் டீசலை ஊற்றி ஆயிலைக் கழுவுகிற வேலை.

முழு 130-ம் கையில் வந்த பிறகும் மலை ரூட்டில் போதவில்லையா? அதற்கும் எஞ்சினைத் தொடாத வழி இருக்கிறது. ஹவுசிங்கில் 7/41 கிரௌன் பினியன் இருந்தால், அதே ஹவுசிங்குக்குப் பொருந்தும் 6/41 கிடைக்குமா என்று பாருங்கள். பினியனில் ஒரு பல் குறைவதால் எல்லா கியரிலும் வீலில் கிடைக்கும் இழுவை ஆறில் ஒரு பங்கு கூடுகிறது. ஒரே கியரில் வைத்துப் பார்த்தால், 130 எச்.பி. எஞ்சின் 150 எச்.பி. எஞ்சினைப்போல இழுக்கும், ஒரு சொட்டு டீசலைக்கூடக் கூடுதலாகத் திணிக்காமல். டாப் ஸ்பீடு ஏழில் ஒரு பங்கு குறையும். லோடு வண்டியை 90-ல் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு இது வேண்டாம். அவர்களுக்கு நம் கட்டுரையாளரே போதும். சமவெளியில் ஓடுகிறவர்களுக்கும் வேண்டாம், மைலேஜ் கடிக்கும். இன்னொன்று, 9.00-20 டயரை மாற்றி 10.00-20 போட்டிருந்தால் வீல் பெரிதானதாலேயே மூன்று சதவீதத்துக்கு மேல் இழுவை போயிருக்கும். அந்தக் குறையையும் எஞ்சின் தலையில்தான் எழுதுகிறோம்.

ஓனர்களுக்கு: பம்ப் சீலில் கட்டிங் பிளேயரை வைப்பதற்கு முன்னால், ஆறு சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவையும் ஆறு நாசிலின் பிரஷரையும் ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராத பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கட்டுரையாளருக்கு: 130-ஐ 180 ஆக்கிய அந்த வண்டியின் பெஞ்ச் ரீடிங், எக்ஸாஸ்ட் சூடு, புகைச் சான்றிதழ் மூன்றையும் அடுத்த கட்டுரையில் போடுங்கள். அதுவரை ஓனர்கள் உங்கள் பேச்சைக் கேட்டு ஒரு போல்ட்டைக்கூடத் திருக வேண்டியதில்லை.